சுருங்கிப் போன சர்ச்!



ஒரு ஊரில் முன்பு நிறையப் பேர் இருந்தாங்களா, கொஞ்சப் பேரா என்று தெரிந்துகொள்ள என்ன செய்வோம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தில் முதல் கணக்கெடுப்பு நடந்தது 1801ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னால்? சில ஊர்களில் சர்ச் சுவரைப் பார்த்தாலே போதும்! அப்படி ஒரு சர்ச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதில் வாரம் பெர்சி என்று ஒரு கிராமம் இருந்தது. ஆமாம், 'இருந்தது'. இப்போது அங்கே வீடுகள் இருந்த இடமெல்லாம் புல் மேடுதான். கூரையில்லாமல், பாதிக் கோபுரத்தோடு நிற்கிறது புனித மார்ட்டின் சர்ச்.

எப்படி வளர்ந்தது?

10ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் கட்டியது ஒரு சின்ன மரக் கட்டிடம். பிறகு கல்லால் கட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டில் அதையும் பெரிதாக்கினார்கள்.

பொதுவாக ஒரு கிராமத்துச் சர்ச்சில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. மக்கள் கூடி நிற்கும் நீளமான கூடம் ஒன்று. அதற்குக் கிழக்கே, குருவானவர் பூசை செய்யும் பீடப் பகுதி மற்றொன்று. கூட்டம் அதிகமானால் என்ன செய்வது? முழுவதையும் இடித்துக் கட்டினால் செலவு தாங்காது. அதனால் கூடத்தின் பக்கச் சுவரைத் திறந்து, தூண்களும் வளைவுகளும் வைத்து, வெளிப்பக்கம் ஒரு தாழ்வாரம் போல இணைத்துவிடுவார்கள். இதுதான் பக்கக் கூடம். வாரம் பெர்சியிலும் முதலில் தெற்கே ஒன்று, பிறகு வடக்கே ஒன்று சேர்த்தார்கள். ஊர் பெருகியது, சர்ச்சும் பெருத்தது!

ஊர் ஏன் காலியானது?

1348-49இல் இங்கிலாந்து முழுவதும் 'கருப்புச் சாவு' என்ற கொள்ளைநோய் பரவியது. கணக்கில்லாமல் மக்கள் செத்தார்கள். வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகி, கூலி ஏறியது. கம்பளி வியாபாரத்தில் நல்ல லாபம் கிடைத்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். உழவு என்றால் பல குடும்பங்கள் வேண்டும். ஆடு மேய்க்க ஒரே ஒரு ஆள் போதும்!

வாரம் பெர்சியின் நிலம் அப்போது ஹில்டன் என்ற பிரபுவின் குடும்பத்திடம் இருந்தது. சுமார் 1500ஆம் ஆண்டில், கடைசியாக மிஞ்சியிருந்த குடும்பங்களையும் வெளியேற்றிவிட்டார்கள். 1517இல் அரசாங்கம் நடத்திய விசாரணையில் இது பதிவாகியிருக்கிறது. நாலு வீடு போச்சு, நாலு ஏர் நின்னுச்சு. அவ்வளவுதான் குறிப்பு. அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று அதில் இல்லை.

எப்படிச் சுருங்கியது?

ஊர் போனாலும் சர்ச் உடனே மூடப்படவில்லை. ஏன் தெரியுமா? சுற்றியிருந்த வேறு சில கிராமங்களுக்கும் அதுதான் சர்ச். திக்ஸன்டேல் என்ற கிராமத்திலிருந்து குன்று ஏறி இறங்கி, சில மைல் நடந்தே வந்தார்கள். ஆனால் பழைய கூட்டம் இல்லையே! அதனால் இரண்டு பக்கக் கூடங்களையும் இடித்தார்கள். திறந்து கிடந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்து, நடுவில் சின்ன ஜன்னல் வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பீடப் பகுதியையும் குட்டையாக்கிவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்தச் சுவரில் அடைபட்ட வளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன. வளைவு 'கூட்டம் வந்தது' என்கிறது. அதை அடைத்த கல் 'கூட்டம் போனது' என்கிறது. ஒரே சுவரில் இரண்டு கணக்கும் இருக்கு பாருங்க!

1870இல் திக்ஸன்டேலில் தனியாக ஒரு சர்ச் கட்டினார்கள். பிறகு இங்கே யார் வருவாங்க? 1949இல் கடைசி ஆராதனை நடந்தது. அடுத்த பத்து வருடத்திலேயே கூரை போனது. 1959இல் கோபுரத்தில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு, இடிபாட்டை மேலும் விழாமல் காத்து வருகிறது.

மண்ணுக்கு அடியில்

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? மோரிஸ் பெரஸ்ஃபோர்டு என்ற வரலாற்றாசிரியரும் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளரும் இங்கே ஆய்வு நடத்தினார்கள். 1950 முதல் 1990 வரை, ஒவ்வொரு கோடையிலும் தொண்டர்களோடு வந்து தோண்டினார்கள். நாற்பது வருஷம்! அரசர்கள், போர்கள் என்றே வரலாறு எழுதிய காலத்தில், குடியானவன் வீட்டுத் தரையையும் உடைந்த பானையையும் ஆராய்ந்தார்கள். சர்ச்சில் ஆராதனை நின்றுபோனதால்தான் அதன் தரைக்கு அடியிலும் தோண்டிப் பார்க்க முடிந்தது. மரக் கட்டிடத்தின் தடயம் கிடைத்தது அப்படித்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

★ சர்ச்சிலும் கல்லறைத் தோட்டத்திலுமாகக் கிட்டத்தட்ட 700 பேருடைய எலும்புக்கூடுகள் எடுத்து ஆராயப்பட்டன.

★ அங்கே வாழ்ந்த குழந்தைகள், இன்றைய அதே வயதுக் குழந்தைகளைவிடக் குள்ளமாக இருந்தார்கள். சத்தான உணவு இல்லாமை, நோய் இவையே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

★ தலையில் அடிபட்ட ஒருவருக்கு மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்திருக்கிறார்கள். எலும்பு ஆறியிருக்கிறது. ஆள் பிழைத்துக்கொண்டார்! இது சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால்.

நண்பர்களே! விரட்டப்பட்டவர்களின் கதையை யாரும் முழுசாக எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் கூடி நின்ற இடத்தின் அளவு சுவரில் இருக்கிறது. இனிமேல் எந்தப் பழைய கட்டிடத்தைப் பார்த்தாலும், அடைத்து வைத்த வாசல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், 'இது வழியா யார் வந்தாங்க? ஏன் அடைச்சாங்க?' என்று பெரியவர்களைக் கேளுங்கள். அங்கேயும் ஒரு வரலாறு இருக்கும்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்! (விடை மேலேயே இருக்கு!)
1. சர்ச்சுக்குப் பக்கக் கூடம் ஏன் தேவைப்பட்டது?
2. உழவை விட்டு ஆடு வளர்க்க ஏன் மாறினார்கள்?
3. ஊர் காலியான பிறகும் சர்ச் எப்படி நீடித்தது?

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு