பஞ்சடைத்த பொம்மையில் வட்டக் கணக்கு

ஜப்பானியர் கொக்கி ஊசியால் பின்னும் சிறு பொம்மைகளுக்கு அமிகுருமி என்று பெயர். ‘அமி’ என்றால் பின்னல். ‘நுய்குருமி’ என்றால் பஞ்சடைத்த பொம்மை. இவ்விரண்டும் கூடிப் பிறந்த சொல் இது. உள்ளங்கையில் அடங்கும் பூனை, கரடி, சில சமயம் கண்ணும் வாயும் வைத்த ஒரு கேரட்! எதுவாயினும் தலை பெரும்பாலும் ஓர் உருண்டைதான். துணியை வெட்டித் தைக்காமல், ஒரே நூலைக் கொண்டு உருண்டையைப் பின்னுவது எவ்வாறு?

நூலை வளையமாக்கி, அதில் 6 கண்ணிகள் பின்னித் தொடங்குவது வழக்கம். அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என ஒவ்வொரு சுற்றிலும் 6 கூடுகிறது. சுற்றுகள் தனித்தனியே முடிவதில்லை. நத்தை ஓடு போல ஒரே சுருளாக வளர்கின்றன.

ஏன் 6? இப்பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறையச் சமம். ஒரு சுற்று ஏறினால் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது. ஆரம் 1 கூடினால் வட்டத்தின் சுற்றளவு 2π, அதாவது 6.28 கூட வேண்டும் அல்லவா? கால் கண்ணி பின்ன இயலாது. 6 வைத்தால் போதும்; குறையை நூலின் நெகிழ்ச்சி ஈடுசெய்து, தட்டையான வட்டம் கிடைக்கிறது. 4 மட்டும் கூட்டினால் விளிம்பு போதாமல் கூம்பாகக் குவியும். கூட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் வட்டத்துக்குப் பதில் அறுகோணம் தலைகாட்டும். ஆகவே கைதேர்ந்தவர்கள் சுற்றுக்குச் சுற்று இடத்தை மாற்றிவிடுவார்கள்.

இனி உருண்டை. 6 முதல் 30 வரை 5 சுற்றுகள். கூட்டாமல் குறைக்காமல் 36 கண்ணிகளில் 8 சுற்றுகள். மீண்டும் 30 முதல் 6 வரை குறைத்து 5 சுற்றுகள். ஆக மொத்தம் 18. கோளத்தின் நடுவட்டம் 36 என்றால் துருவத்திலிருந்து துருவம் வரை அதில் பாதி, 18 தானே!

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கீழே தட்டை வட்டம், நடுவில் நேரான குழல், மேலே மறுபடியும் தட்டை வட்டம். கணக்குப்படி இது உருண்டையன்று, டப்பா! அதை உருண்டையாக்குவது பஞ்சு. குறிப்பிட்ட மேற்பரப்பைக் கொண்டு மிகுதியான கன அளவை அடக்கும் வடிவம் கோளமே. உள்ளே திணித்த பஞ்சு எல்லாப் பக்கமும் தள்ள, கண்ணிகள் சற்றே நகர்ந்தும் நீண்டும் கொடுக்க, தட்டைகள் புடைத்து விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. அளவு மீறித் திணித்தால் கண்ணிகளின் இடையே பஞ்சு எட்டிப் பார்க்கும். நூலுக்கு ஏற்ற ஊசியைவிடச் சற்றுச் சிறிய ஊசியால் இறுக்கமாகப் பின்னுவது இதற்காகவே.

6-க்கு மேல் நிறையக் கூட்டினால்? விளிம்பு மிகுந்து, கீரை இலை போல அலை அலையாக நெளியும். பொம்மை செய்பவருக்கு இது பிழை. கணித அறிஞருக்கோ புதையல். 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற பெண்மணி, வரிசைதோறும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டி, அதிபரவளையத் தளத்தின் மாதிரியைப் பின்னினார். அதற்கு முன்பு இருந்த காகித மாதிரிகள் கைபட்டால் கிழிந்துவிடும். இதையோ மடித்துப் பார்க்கலாம்; மடிப்புகளே நேர்கோடுகள். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளியின் வழியாக, அக்கோட்டை வெட்டாத கோடு யூக்ளிட்டின் தளத்தில் ஒன்றே ஒன்று. இந்தப் பின்னலில் அத்தகைய கோடுகள் பலவற்றை விரலால் மடித்தே காட்டிவிடலாம்.