வகுப்புத் தொலைக்காட்சியில் மடிக்கணினித் திரை

பள்ளி முடிந்தபின் நடக்கும் எஸ்.பி.எம். தமிழ் வகுப்பில், கேள்வியைக் கரும்பலகையில் எழுதவே பாதி நேரம் போய்விடும். சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டப்புற மாணவர்கள் பஸ்ஸைப் பிடிக்கணும். வகுப்பில் தொலைக்காட்சி இருந்தால் நேரம் மிச்சம்.

எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு முனையை மடிக்கணினியிலும் மறுமுனையைத் தொலைக்காட்சியிலும் செருகுங்க. ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்தி, கேபிள் செருகிய எச்.டி.எம்.ஐ. எண்ணைத் தேர்ந்தெடுங்க. பிறகு, விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும்.

'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே காட்சி. உங்கள் விடைப்பட்டியலும் மாணவர் கண்ணில் படும். 'எக்ஸ்டெண்ட்' என்றால் தொலைக்காட்சி தனித்திரை ஆகிவிடும். கேள்வியை அங்கே நகர்த்திவிட்டு, விடையை மடிக்கணினியில் வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் சொந்தமாக யோசித்து எழுதட்டும்.

ஒலி வரலையா? கணினியின் ஒலி அமைப்பில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுங்க. பழைய வி.ஜி.ஏ. கேபிளில் படம் மட்டும்தான் போகும். ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டும்.

தொடங்குமுன் கடைசி வரிசையில் நின்று பாருங்க. 'மணம்', 'மனம்' இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்க. திரையில் தெரியாத வேறுபாடு, தேர்வுத்தாளில் எழுத்துப்பிழையாக வந்து நிற்கும்.