ஐந்து உயிர், ஓர் அம்பு
கொல்லிமலையின் செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அம்மலையை ஆண்டவன். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றது என்கிறார் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர்.

புலவரின் மிகைதான். ஆனாலும் விலங்கின் வரிசையைப் பாருங்கள்: பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடிகிறது. அம்பின் வேகம் குறைவது அவருக்குத் தெரிந்திருக்கிறது!

துப்பாக்கி வேட்டைக்காரருக்கும் இதே ஊடுருவல் கணக்குதான். ஆப்பிரிக்கப் புல்வெளியில் இம்பாலா, குடு போன்ற மான்களுக்கு உடலுக்குள் விரியும் ஈயமுனைக் குண்டு. யானைக்கு விரியாமல் எலும்பைத் துளைத்துச் செல்லும் திடக்குண்டு. இரு வகைக் குண்டுக்கும் ஏற்ற .375 தோட்டா 1912இல் இங்கிலாந்தில் வந்தது. மான் கூட்டத்தில் குண்டு ஊடுருவிப் போனால் பின்னால் நிற்பதும் சாகும். ஓரிக்குப் புகழ் தந்த ஊடுருவல், அங்கே பிழை.

ஓரியைப் போரில் கொன்ற மலையமான் திருமுடிக்காரி, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். இம்மலையில் இன்று வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆடியில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது.