மருந்தடிக்கும் முன் ஒரு படம்

மார்கழியில் புதியம்புத்தூர் கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் பூக்கும்போதே கொழுந்துகளில் அசுவினி அப்பிக்கொள்ளும். அதைத் தேடி மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட பூச்சி ஒன்று வரும். அந்தரத்தில் அசையாமல் நிற்கும். குளவி என்று விரட்டிவிடுகிறோம். அது கொட்டத் தெரியாத சிர்பிட் ஈ. அசுவினிக் கூட்டத்துக்குள் முட்டையிட வந்திருக்கும் அது, விவசாயியின் கூட்டாளி.

அதன் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலைப்பக்கம் கூம்பிய அந்தப் பச்சைப் புழு அசுவினியைப் பிடித்து உறிஞ்சி, வெறும் தோலை விட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். இலை தின்னும் புழு என்று நினைத்து நாம் அதையும் மருந்தடித்துக் கொல்கிறோம்.

அடையாளம் எது?

தேனீக்கும் குளவிக்கும் நான்கு சிறகு. இந்த ஈக்கு இரண்டுதான். உணர்கொம்பு குட்டை. கண்கள் உச்சியில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண், விலகியிருந்தால் பெண்.

உலகில் சுமார் 6,000 வகை சிர்பிட் ஈக்கள் உண்டு. இந்திய வகைகளை விவரித்து என்ரிகோ புருனெட்டி 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் வயல்களில் சாதாரணமாகக் காணக்கூடியது இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ்: மஞ்சள் முகம், மார்பின் இரு ஓரமும் மஞ்சள் கோடு. மிகச் சிறியதாக இருந்தால் பாராகஸாக இருக்கலாம். கண்ணில் புள்ளியோ வரியோ தெரிந்தால் எரிஸ்டாலினஸ். அதன் புழு அசுவினி தின்னாது, அழுக்குத் தண்ணீரில் வளரும்.

படம் எடுப்பது எப்படி?

காலைக் குளிரில் ஈ மந்தமாக இருக்கும்; அதுதான் நேரம். துளசி, கொத்தமல்லிப் பூக்களின் அருகே காத்திருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே போதும். கேமரா என்றால் ஷட்டர் வேகத்தை நொடியில் 1,000இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வையுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று எடுங்கள். சிறகு நரம்பும் பின்காலும் தெளிவாக விழவேண்டும். தேதி, ஊர், செடியின் பெயர் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால், பூச்சி அறிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள். படத்தை மட்டும் வைத்து வகை பிரிக்க முடியாத ஈக்களும் உண்டு. அப்போது பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே சரி.

வரப்போரம் கொஞ்சம் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள்; வளர்ந்த ஈக்குத் தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு. தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் அசுவினி பிடித்த கொழுந்தைத் திருப்பி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அந்தப் பச்சைப் புழு தென்பட்டால், சில நாள் மருந்தை நிறுத்திவையுங்கள்.