தமிழ்ப் பெயரும் பெயர் வழங்கியும்: கட்டளை வரியில் ஒரு செயல்விளக்கம்

1. முன்னுரை

இணைய முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்ததும், அப்பெயருக்குரிய எண் முகவரி யாது என்று நம் கணினி வேறொரு கணினியைக் கேட்டறிகிறது. அவ்வினாவுக்கு விடையளிக்கும் ஏற்பாடே ஆள்களப் பெயர் முறைமை எனப்படும். பால் மொக்கபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டில் வகுத்த இம்முறைமையின் அடிப்படை ஆவணங்கள் 1987-இல் திருத்தமுற்று வெளிவந்தன. அவையே இன்றும் அடித்தளமாக உள்ளன. பெயர்கள் அனைத்தையும் ஓரிடத்தில் குவிக்காமல் வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்தையும் அதற்கு உரியவரே பேணுமாறு விட்டமை இதன் சிறப்பு. ஆகவே, ஒரு நிறுவனத்தின் ஆள்களத்தின் கீழ் வரும் தமிழ்ப் பெயர் எந்த வடிவில் வழங்கும் என்னும் முடிவு, அதன் வலயக் கோப்பைப் பேணுவோரிடமே உள்ளது. அக்கோப்பைக் கட்டளை வரியில் அமைக்கும் முறையையும், அப்போது தமிழ் எழுத்துமுறை எழுப்பும் ஒரு சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. வழங்கி அறியும் தமிழ்

பெயர் வழங்கிகள் நடைமுறையில் இலத்தீன் எழுத்து, எண், இணைகோடு ஆகியவற்றால் அமைந்த பெயர்களையே கையாளுகின்றன. தமிழ் முதலிய எழுத்துகளில் அமைந்த பெயர்களை அவ்வடிவுக்கு மாற்றும் பியூனிகோட் என்னும் முறை 2003-இல் வரையறுக்கப்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்ட பெயர் எக்ஸ், என் என்னும் இரண்டு எழுத்துகளோடும் இரண்டு இணைகோடுகளோடும் தொடங்கும். பன்மொழிப் பெயர்களுக்கான திருத்திய விதிகள் 2010-இல் வெளியாயின.

மேல்நிலை ஆள்களமாக இன்று வழங்கும் ‘இலங்கை’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது நான்கு எழுத்து. யூனிகோடில் ங், கை ஆகியவை இவ்விரண்டு குறியீடுகளாகப் பிரிவதால் அது ஆறு குறியீடு. வழங்கியில் அது 16 வரியுரு. ‘சிங்கப்பூர்’ ஆறு எழுத்து, 11 குறியீடு, 22 வரியுரு. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 வரியுருவுக்கு மேற்படலாகாது என்பது விதி. எனவே நீண்ட தமிழ்ப் பெயரைத் தேர்வோர் இக்கணக்கை முன்னரே பார்த்தல் வேண்டும்.

3. ஒரே தோற்றம், இரு பெயர்

பல்கலைக்கழக நூலகம் ஒன்று தன் ஆள்களத்தின் கீழ் ‘ஔவை’ என்னும் பெயரில் மின்சுவடித் தொகுப்பொன்றை வைக்க விரும்புகிறது எனக் கொள்வோம். ஔகாரத்தை ஒற்றைக் குறியீடாகவும் இடலாம். ஒகரத்தோடு ஔகார நீட்சிக் குறியைச் சேர்த்தும் இடலாம். இவ்விரண்டும் யூனிகோடின் இயல்பாக்க விதியால் ஒன்றாகிவிடும். ஆனால் ஒகரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டச்சு செய்வோரும் பலர் உளர். அது முற்றிலும் வேறு சொல். எந்த இயல்பாக்கமும் அதனை ஔகாரமாக மாற்றாது. கண்ணுக்கு வேறுபாடு புலப்படாவிடினும் வழங்கிக்கு இவை இரண்டு பெயர்கள். ‘மௌனம்’ போன்ற உயிர்மெய் ஔகாரச் சொற்களுக்கும் இது பொருந்தும். ‘ஸ்ரீ’ என்பதைச் சகர வரிசையின் இருவேறு கிரந்தக் குறியீடுகளால் எழுத முடிவதும், தமிழ் எண் ௧ ககரத்தைப் போலத் தோன்றுவதும் இவ்வகையினவே.

இதன் விளைவு சிறிதன்று. அச்சில் வந்த முகவரியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் ஆய்வாளர், அப்படியொரு பெயரே இல்லை என்ற விடையைப் பெறலாம். பொதுப் பதிவகத்தில் பதிந்த பெயராயின், மற்ற வடிவத்தைப் பிறர் பதிந்துகொள்ளவும் கூடும். அப்போது அவர் வேறொருவர் தளத்தைச் சென்றடைவார்.

4. அமைக்கும் முறை

பைண்ட் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இதனை விளக்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 1980-களில் உருவான இது இன்றும் பரவலாக வழங்குகிறது. கட்டளைப் பெயர்கள் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. கணினியில் அவற்றை இலத்தீன் எழுத்தில் இடுதல் வேண்டும்.

முதலாவது, ‘ஐடிஎன்2’ என்னும் கட்டளையால் பெயரின் இரு வடிவங்களையும் தனித்தனியே மாற்றி, விடைகளைக் குறித்துக்கொள்க. விடைகள் வேறுபடுவதே இவை இரண்டு பெயர்கள் என்பதற்குச் சான்று.

இரண்டாவது, அமைவுக் கோப்பில் வலயத்தின் பெயர், அது முதன்மை வலயம் என்னும் குறிப்பு, வலயக் கோப்பின் இடம் ஆகியவற்றை அறிவிக்க. இவ்வழங்கி பிறருக்காக இணையமெங்கும் தேடி விடை கொணர வேண்டியதில்லை. ஆதலின் ‘ரிக்கர்ஷன்’ என்னும் வசதியை நிறுத்துக. வலயத்தை முழுமையாகப் படியெடுக்கும் உரிமையைத் துணை வழங்கிகளுக்கு மட்டும் அளிக்க.

மூன்றாவது, வலயக் கோப்பில் இரு குறியீட்டுப் பெயர்களுக்கும் ஒரே எண் முகவரியைக் காட்டும் பதிவுகளைச் சேர்க்க. முழுப் பெயரை எழுதுமிடத்து இறுதிப் புள்ளியை விடலாகாது. விட்டால் வலயத்தின் பெயர் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கோப்பின் தலைப்பகுதியான எஸ்ஓஏ பதிவில் உள்ள வரிசை எண்ணையும் உயர்த்துக. அதனை உயர்த்தாவிடின் துணை வழங்கிகள் பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண் என்னும் பத்து இலக்க முறை இதற்குப் பெருவழக்கு.

நான்காவது, ‘நேம்ட்-செக்கான்ஃப்’ கட்டளையால் அமைவுக் கோப்பையும், ‘நேம்ட்-செக்சோன்’ கட்டளையால் வலயக் கோப்பையும் சரிபார்த்த பின்னரே ‘ஆர்என்டிசி ரீலோட்’ என ஆணையிடுக.

ஐந்தாவது, ‘டிக்’ கட்டளையால் முதன்மை வழங்கியையும் துணை வழங்கிகளையும் இரு வடிவங்களிலும் வினவுக. விடையில் ‘ஏஏ’ என்னும் கொடி இருப்பின் அது அதிகாரமுடைய வழங்கியின் நேர்விடை. பதிவைச் சேர்க்குமுன் பொது வழங்கிகள் வழியே வினவிப் பார்ப்பது நன்றன்று. ‘இல்லை’ என்னும் விடையையும் அவை சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும்.

பொதுப் பதிவகத்தில் இரு வடிவங்களையும் பதிந்திருப்பின், இரண்டையும் தனித்தனி வலயங்களாக அறிவித்து ஒரே கோப்பைச் சுட்டலாம். அதற்குக் கோப்பினுள் உள்ள பெயர்கள் சார்பு வடிவில் இருத்தல் வேண்டும். கோப்பை மென்பொருளே தானாகத் திருத்தும் ஏற்பாடும் இருத்தலாகாது. இவ்வாறு எந்த வழியில் அமைத்தாலும், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் இரு பெயர்களும் இடம்பெற வேண்டும்.

5. முடிவுரை

இணையப் பக்க வழியே இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகைகள் தமிழ் வடிவத்தை மட்டும் காட்டிக் குறியீட்டு வடிவத்தை மறைத்துவிடக்கூடும். கட்டளை வரியில் இரண்டும் கண்முன் நிற்கின்றன. செய்த மாற்றங்களை உரைக்கோப்பாகச் சேமித்து, அடுத்து வருவோரிடம் ஒப்படைக்கவும் முடிகிறது. புலம்பெயர் நாடுகளில் தன்னார்வலர் சிலரின் உழைப்பால் நிலைபெறும் தமிழ்த் தொகுப்புகளுக்கு இது இன்றியமையாதது.

எவ்வெழுத்துகள் மயங்கும், எவ்வடிவங்களை ஒரே பெயராகக் கொள்ளலாம் என்பதை எழுத்திலக்கணமும் சுவடி வழக்கும் அறிந்தோர் எடுத்துரைத்தால்தான் வழங்கியைப் பேணுவோர் அதனைச் செயற்படுத்த இயலும். அதன் தொடக்கமாக, தமிழ் முகவரியை மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களும் அதனைப் பட்டியலிடும் நூலகங்களும் தமிழ் வடிவத்தோடு குறியீட்டு வடிவத்தையும் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். எழுத்துரு மாறினும் தட்டச்சு முறை மாறினும், சுட்டப்பட்ட பெயர் எது என்பதை அக்குறியீட்டு வடிவத்தைக் கொண்டு பின்வருவோர் ஐயமின்றி அறியலாம்.