மண்ணைத் தொடாத செடி!

வாசலில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். மண் இல்லாமலே அது துளிர்த்துக் கொடி ஓடுவதைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால் அது தன்னுள் சேர்த்து வைத்த நீரைக் கொண்டே பிழைக்கிறது. சேமிப்புத் தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது.

பிறவியிலேயே மண்ணை வேண்டாத செடியும் உண்டு. பட்டணத்து நர்சரிகளில் 'காற்றுச் செடி' என்று விற்கிறார்களே, அதுதான். சாஸ்திரப் பெயர் டில்லாண்ட்ஸியா. அன்னாசியின் உறவு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா வரை மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வளர்கிறது. தந்திக் கம்பியைக்கூட விடுவதில்லை! இதில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

புல்லுருவி அல்ல

மரத்தில் குடியிருப்பதால் இதைப் புல்லுருவி என்று எண்ணிவிடக் கூடாது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இதுவோ ஒண்டிக் குடித்தனம் மட்டுமே நடத்துகிறது. வேர் வெறும் பிடிமானத்துக்குத்தான். இலைமீது சாம்பல் பூத்தாற்போல் தெரிகின்றனவே நுண்ணிய செதில்கள், அவையே மழையையும் பனியையும் குடிக்கின்றன.

கடற்பயணத்துக்கு அஞ்சி, வளைகுடாவைச் சுற்றித் தரைவழியே ஊர் திரும்பிய எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்ற 17-ஆம் நூற்றாண்டு வைத்தியரின் பெயரையே லின்னேயஸ் இச்செடிக்குச் சூட்டினார். இதுவும் அவரைப் போல் நீரை வெறுப்பது என்று அவர் கருதினாராம். அந்த எண்ணம் தவறு. இன்றும் பலர் அதே எண்ணத்தால், 'காற்றே போதும்' என்று விட்டுவிட்டுச் செடியைச் சாகடிக்கிறார்கள்.

வளர்ப்பது எப்படி?

வாரம் ஒரு முறை, காலையில், அகன்ற பாத்திரத்து நீரில் அரை மணி நேரம் மூழ்க வைக்க வேண்டும். மழைநீர் உத்தமம். உப்புக் கரிக்கும் நீர் ஆகாது. எடுத்ததும் தலைகீழாக உதறி, காற்றோட்டமான இடத்தில் நான்கு மணி நேரத்துக்குள் உலர விட வேண்டும். இலைக் குருத்தில் நீர் தங்கினால் நடுப்பகுதி அழுகி, இலைகள் கையோடு வந்துவிடும்.

மாலையில் நனைக்கலாகாது. பகலில் நீர் வீணாகாமலிருக்க இச்செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரிவாயுவை ஏற்கிறது. அப்போது ஈரம் போர்த்தியிருந்தால் மூச்சு முட்டாதா?

ஜன்னலோர வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் கூடாது. செம்புக் கம்பியால் கட்டவே கூடாது. செம்பு இதற்கு நஞ்சு. இலை உள்நோக்கிச் சுருண்டால் தாகம் என்று அறிக.

ஒரே ஒரு பூ

ஆயுளில் ஒரு முறைதான் பூக்கும். பிறகு மெல்ல வாடும். அதற்குள் அடியில் கன்றுகள் கிளம்பிவிடும், நம் வாழையைப் போல. கன்று தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்தபின் பிரிக்கலாம், கூட்டமாகவும் விடலாம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. அழகுக்காகக் காடுகளில் இவற்றைப் பறித்துப் பறித்து, சில இனங்கள் அருகிவிட்டன. மெக்ஸிகோ, குவாதமாலா நாடுகளின் ஸீரோகிராபிக்கா என்ற வெள்ளிநிறச் செடியின் வியாபாரம் சர்வதேச ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பண்ணையில் வளர்ந்த செடிதானா என்று கேட்டு வாங்குவதே முறை. வீட்டு ஜன்னலுக்கு அழகு சேர்க்க ஒரு காடு வெறுமையாக வேண்டியதில்லை.