ஆயில் பிரஷர் முள் சொல்லும் சேதி

டீசல் லாரி எஞ்சினில் இருக்கும் ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஆயிலை ஓடவைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டத்துக்கு வழியில் ஏற்படும் தடையே அழுத்தம். தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் குழாய் விறைத்துக்கொள்வதைப் போன்றது இது. எஞ்சினில் விரலின் வேலையைச் செய்வது, கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் ஷெல் பேரிங்குக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் மயிரிழை இடைவெளி. ஆகவே முள் காட்டும் எண் பம்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆயிலின் பதம், சூடு, பேரிங்கின் தேய்மானம் எல்லாம் அந்த ஒரே எண்ணில் கலந்திருக்கின்றன.

சம்ப்பிலிருந்து சல்லடை வழியாக உறிஞ்சப்படும் ஆயில், கூலரையும் ஃபில்டரையும் கடந்து பிளாக்கின் நீளவாட்டில் ஓடும் மெயின் கேலரிக்கு வருகிறது. அங்கிருந்து மெயின் பேரிங், கனெக்டிங் ராட் பேரிங், கேம் ஷாஃப்ட், ராக்கர், டர்போ எனப் பிரிந்து போய், வேலை முடிந்ததும் தானாகவே சம்ப்பில் வடிகிறது. ஓடும் ஷாஃப்டைத் தாங்குவது கேலரியின் அழுத்தம் அல்ல. சுழலும் ஷாஃப்ட் தானே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, சில மைக்ரான் தடிமனுள்ள படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் அழுத்தம் கேலரியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். படலம் வற்றாமல் ஆயிலைக் கொண்டுசேர்ப்பதுதான் கேலரி அழுத்தத்தின் பொறுப்பு. அது சில நொடிகள் தவறினாலும் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கிவிடும்.

டாடா லாரிகள் பலவற்றில் ஓடிய கம்மின்ஸ் 6பிடி என்ற 5.9 லிட்டர் எஞ்சினை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நன்றாகச் சூடேறிய நிலையில், ஐடிலிங்கில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் குறைந்தது 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது அதற்கான அளவு. அழுத்தம் ஏறத்தாழ 65 பி.எஸ்.ஐ. ஆனதும் ரிலீஃப் வால்வு திறந்து, மிகுதி ஆயிலைத் திருப்பி விடுகிறது. பார் அளவில் உள்ள மீட்டராக இருந்தால் 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் மேலே நிற்பதும், வெயிலில் பாரத்தோடு ஓடி வந்து நிறுத்தும்போது கீழே இறங்குவதும் கோளாறு அல்ல. 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சுகிறது. அதனால் குளிர்ந்த எஞ்சினின் எண்ணைச் சூடான எஞ்சினின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அதே லாரியில், அதே சூட்டில், அதே வேகத்தில் வழக்கமாக முள் நிற்கும் இடம் எது என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் ஓட்டுநருக்கே மீட்டர் உதவும். அந்த இடத்திலிருந்து முள் விலகுவதுதான் சேதி.

சிவப்பு விளக்கு மட்டுமே போதும் என்று இருப்பது ஆபத்து. பெரும்பாலான எஞ்சின்களில் அதன் சுவிட்ச், அழுத்தம் ஒரு சில பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய பிறகே விளக்கை எரியவைக்கும். அதற்குள் பேரிங் அடிபட்டிருக்கலாம். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஸ்டார்ட் செய்து 15 நொடிக்குள் மீட்டரில் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓடும்போது முள் திடீரென விழுந்தாலும் ஓரங்கட்டி நிறுத்துவதே சரி. அடுத்த ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம் என்ற துணிச்சல் பல கிராங்க் ஷாஃப்டுகளைத் தின்றிருக்கிறது.

நிறுத்தியபின் முதலில் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக். சமதளத்தில், எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடமாவது கழித்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைவாக இருந்தால் வளைவிலும் ஏற்றத்திலும் பம்ப் காற்றை உறிஞ்சி முள் ஆடும். அளவுக்கு மேல் இருந்தால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது. ஊற்றாமலே மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ டீசல் பம்ப் சீலோ ஒழுகுகிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட் பக்கம் தேட வேண்டும்.

ஆயில் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மீட்டரின் மேலேயே விழ வேண்டும். சென்சாரைக் கழற்றிய துளையில் தனி மெக்கானிக்கல் கேஜை மாட்டி, சூடான எஞ்சினில் அளந்து பார்த்த பிறகே மற்ற எதையும் பிரிக்க வேண்டும். ஒயர் கோளாறுக்காகச் சம்ப்பை இறக்கிய கதைகள் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அந்தக் கேஜிலும் குறைவாகவே காட்டினால், அழுக்கு சிக்கித் திறந்தபடியே நிற்கும் ரிலீஃப் வால்வு, காற்று இழுக்கும் உறிஞ்சு குழாய், தேய்ந்த பம்ப், தேய்ந்த பேரிங் என்று போக வேண்டும். அடைத்த ஃபில்டர் வேறு வகை. அதன் பைபாஸ் வால்வு திறந்துகொள்வதால் ஓட்டம் நிற்காது. வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். முள் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆயிலையும் ஃபில்டரையும் கெடு தவறாமல் மாற்றுவதற்கு இதுவே போதிய காரணம். புது ஃபில்டரில் சுத்தமான ஆயிலை நிரப்பி மாட்டினால், முதல் ஸ்டார்ட்டில் பேரிங் வறண்டு ஓடும் நேரம் குறையும்.

முள்ளைத் தூக்கிக் காட்டுவதற்காகக் கெட்டியான ஆயிலை ஊற்றும் பழக்கம் எஞ்சினுக்கு நல்லதல்ல. எண் ஏறும், ஆனால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ராக்கருக்கும் டர்போவுக்கும் ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும். பேரிங் இடைவெளியில் கசியும் ஆயில், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும். ஆயில் கெட்டித்தன்மையில் செய்யும் சிறு மாற்றம் அதை ஈடுகட்டாது. சூடான ஐடிலிங் அழுத்தம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் ஷெல்லைக் கழற்றிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. சாம்பல் நிற மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஷாஃப்டில் கோடு விழாமல் இருந்தால் பல எஞ்சின்களில் சம்ப்பை இறக்கிக் கீழிருந்தே புது ஷெல் போட்டுவிடலாம். கோடு விழுந்திருந்தால் கிராங்க்கை இறக்கி, கிரைண்டிங் செய்து, 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் ஷெல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.